ஆள் கணக்கில் சேராதவர்: மின்துறையில் தொழிற்பழகுநரைப் பயிற்றும் முறை

மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்திலோ, ஆலையொன்றின் மின்பகுதியிலோ, ஒப்பந்தக்காரரின் பட்டறையிலோ தொழிற்பழகுநர் ஒருவரை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு வாய்த்திருக்குமானால், அவர் கையில் கட்டிங் பிளேயரைக் கொடுப்பதற்கு முன்னால், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை ஒரு முறை நிதானமாக வாசித்துவிடுவது உத்தமம். 1962 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. இவ்வாசகத்தை அநேக ஸ்தாபனங்கள் தமக்குக் கிடைத்த சலுகையாகவே எடுத்துக்கொள்கின்றன. தொழிலாளர் சட்டங்களின் கட்டுப்பாடு இல்லை, நிரந்தரமாக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை, ஆகையால் சொற்பச் செலவில் ஓர் ஆள் கிடைத்தார் என்பது அவர்களுடைய கணக்கு. எனக்கோ அதே வாசகம் ஸ்தாபனத்தின் தலையில் பெரியதொரு சுமையை ஏற்றிவைப்பதாகவே தோன்றுகிறது. தொழிலாளி அல்லாத ஒருவரை, தொழிலாளி செய்தாக வேண்டிய வேலையின் ஆள் கணக்கில் சேர்ப்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது என்பதே அதன் நேரான பொருள். மின்துறையில் உயர்ந்த தரமுள்ள பயிற்சிக்கும் பெயரளவுப் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சட்டத்தின் பிற பிரிவுகளும் இதற்கு அரணாகவே நிற்கின்றன. முடித்த வேலைக்குத் தக்கபடி பழகுநருக்குக் கூலி கணக்கிடக் கூடாது. பயிற்சி ஆலோசகரின் அனுமதியின்றிக் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது. அவ்வனுமதியும் பயிற்சியின் நன்மையையோ பொதுநலனையோ முன்னிட்டே தரப்படும். பயிற்சியின்போது காயமுற்றால் தொழிலாளிக்குரிய நஷ்டஈட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். பயிற்சி எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதற்குப் பதிவு வைத்திருக்க வேண்டும். அபாயகரமான தொழில்களில் 18 வயது நிரம்பாதவரைச் சேர்க்கலாகாது என்பதும் விதி. இவற்றையெல்லாம் அதிகாரி வந்து பார்க்கும் நாளுக்கான சம்பிரதாயங்களாக நினைப்பவர்கள், கற்பவரின் நேரத்தை உற்பத்தி விழுங்கிவிடாதபடி காப்பதற்காகவே அவை எழுதப்பட்டன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நடைமுறையில் இது எப்படி வரும் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சாய்ந்துபோன ஒரு கம்பத்தை மாற்றுவதற்கு இத்தனை ஆட்கள் வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறீர்கள். காலையில் பார்த்தால் அவர்களில் ஒருவர் வரவில்லை. வாட்டசாட்டமான பழகுநரோ அருகில் நிற்கிறார். வராதவருக்குப் பதிலாக அவரைக் கணக்கிட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த நிமிஷத்திலேயே அன்றைய பயிற்சியும் முடிந்துவிடுகிறது. சொல்லிக்கொடுக்க மற்றவர்களுக்கு அவகாசமில்லை. கேட்க இவருக்குத் துணிவில்லை. ஆகவே ஏற்கெனவே தெரிந்த வேலையையே, அதாவது கயிறு இழுப்பதையும் சாமான் சுமப்பதையுமே, இவர் மறுபடியும் செய்கிறார். இவ்வாறு ஓர் ஆண்டு கழிந்தால் கயிறு இழுப்பதில் தேர்ந்த ஒருவர் கிடைப்பார், மின்தொழிலாளி கிடைக்கமாட்டார். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை ஒதுக்குமுன் பொறுப்பாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பழகுநர் இன்று வராவிட்டாலும் இந்த வேலை குறைவின்றி நடக்குமா என்பதுதான். நடக்குமென்றால் அவரைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். நடக்காதென்றால் பக்கத்துப் பிரிவிலிருந்து ஓர் ஆளைக் கேட்டு வாங்க வேண்டும். அல்லது வேலையை மறுநாளுக்கு ஒத்திவைக்க வேண்டும்.

அப்படியானால் அவர் கைகட்டி வேடிக்கை பார்ப்பதுதான் பயிற்சியா என்று கேட்கலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. வேண்டிய ஆட்கள் குறைவின்றி இருக்கும்போதுதான் அவர்களுள் ஒருவர் ஓரடி விலகி நின்று, தம் வேலையைப் பழகுநர் கையில் கொடுத்து, அவர் கை நடுங்குமிடத்தில் நிறுத்தி, தவறுமிடத்தில் திருத்தி, மீண்டும் செய்யச் சொல்ல முடியும். ஆள் கணக்குக்கு வெளியே இருப்பவருக்கே பொறுமையாகக் கற்கும் சௌகரியம் கிடைக்கிறது.

இத்தொழிலை முன்னாளில் எப்படிக் கற்றார்கள் என்பதையும் சற்றுப் பார்க்கலாம். நீலகிரியில் பைக்காராவின் நீர் 1932-இல் மின்சாரமாகிக் கோயம்புத்தூரை எட்டியது. 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் அதைப் பின்தொடர்ந்தன. 1957 ஜூலை முதல் தேதி மின்சார வாரியம் உருவான பின்னர் கம்பிப் பாதைகள் குக்கிராமங்களின் கிணற்றடி வரை நீண்டன. அந்தக் காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவர்களுள் பலர் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் படித்தவர்கள் அல்லர். மூத்த வயர்மேன் ஒருவரின் பின்னால் ஏணியைச் சுமந்து நடந்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கைப்பழக்கத்தால் தேர்ந்தவர்கள். அந்த முறையில் ஒரு பெரிய குணம் இருந்தது: கற்பவரும் கற்பிப்பவரும் நாள் முழுவதும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் இருந்தார்கள். ஒரு பெரிய குறையும் இருந்தது: இன்னது செய் என்பதைச் சொன்னவர்கள் ஏன் செய்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. இன்று ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு எலெக்ட்ரீஷியன் படிப்பையோ வயர்மேன் படிப்பையோ முடித்து வருகிறவருக்குக் காரணங்கள் ஓரளவு தெரியும். ஆனால் கூடவே நடப்பதற்கு மூத்தவர் கிடைப்பதில்லை. பழைய முறையின் நெருக்கத்தையும் புதிய படிப்பின் காரண அறிவையும் ஒருங்கே சேர்ப்பதுதான் ஸ்தாபனம் செய்ய வேண்டிய காரியம்.

ஆகையால் முதல் வேலை, பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது. இதில் நேரும் பிழையைப் பின்னால் எவ்வளவு முயன்றாலும் சரிசெய்வது கடினம். பிரிவுக்குப் பிரிவு ஒருவர் இருப்பார்: லைனை ஆப் பண்ணாமலே வேலையை முடித்துவிடுவார், கையுறை போடாமலே பியூஸ் கட்டையைப் பிடுங்குவார், மழையிலும் கம்பம் ஏறுவார் என்று ஊரே அவரைப் புகழும். அவருடைய துணிச்சலால் பல இரவுகளில் பல தெருக்களுக்கு வெளிச்சம் வந்திருக்கலாம். அதற்காக அவருக்கு நன்றியும் சொல்லலாம். ஆனால் பழகுநரை ஒருபோதும் அவரிடம் ஒப்படைக்கக் கூடாது. இளைஞர்கள் சொல்லைக் கேட்டுக் கற்பதைவிட, தாம் மதிக்கும் மனிதரின் நடையைப் பார்த்துக் கற்பதே அதிகம். பத்து வகுப்புகளில் சொல்லிய ஜாக்கிரதையை அவருடைய ஒரே ஒரு வெறுங்கைச் சாகசம் அழித்துவிடும். நிதானமாக வேலை செய்பவராய், செய்யும்போதே வாய்விட்டுச் சொல்பவராய், ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காதவராய் ஒருவரைத் தேடுங்கள். அவர் பிரிவிலேயே மிகவும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவரிடம் இரண்டு பழகுநருக்கு மேல் விடாதீர்கள். பயிற்றும் மாதங்களில் அவருடைய சொந்த வேலையின் அளவையும் குறையுங்கள். வேலையின் பாரம் முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு, கூடவே இந்தப் பையனையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நிர்வாகம் பயிற்சி எதையும் ஏற்பாடு செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.

முதல் மாதம் தரையிலேயே கழியட்டும். மின்சாரமே செல்லாத கம்பங்கள் சிலவற்றை அலுவலக வளாகத்தில் நட்டு, இடுப்புக் கயிற்றைக் கட்டவும், அதை நம்பிச் சாய்ந்து இரண்டு கைகளையும் விட்டு வேலை செய்யவும் அங்கே பழக்க வேண்டும். ஏறுமுன் கம்பத்தின் அடியைத் தட்டிப் பார்ப்பது, நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அடி தள்ளி ஏணியைச் சாத்துவது, ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து எங்கேனும் கசிகிறதா என்று காதருகே வைத்துக் கேட்பது ஆகிய இவையெல்லாம் யோசித்துச் செய்யும் நிலையைத் தாண்டி அனிச்சையாக வரும்வரை திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். பெண்களும் இப்போது இத்தொழிலில் பழகுநராக வருகிறார்கள். அவர்கள் கைக்கும் இடுப்புக்கும் பொருந்தும் கையுறையும் கயிறும் முதல் நாளே இருக்க வேண்டும். பெரிய கையுறைக்குள் விரல் வழுக்குவது அசௌகரியம் மாத்திரமன்று, அபாயம்.

இனி, கம்பியில் மின்சாரம் இல்லை என்பதை நிச்சயப்படுத்தும் முறைக்கு வருகிறேன். பயிற்சியின் இதயஸ்தானம் இதுவே. ஓர் 11 கே.வி. லைனில் வேலை என்று வைத்துக்கொள்வோம். துணைமின் நிலையத்திலிருந்து லைன் கிளியர் என்னும் அனுமதித் தாளை வாங்குவது அதிகாரம் பெற்ற ஒருவருடைய பெயரில். வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவரும் அவரே. பழகுநர் அந்தத் தாளை வாசித்து, எந்த பீடர், எங்கிருந்து எதுவரை என்பதைத் தம் வாயால் சொல்லட்டும். பிறகு ஏ.பி. ஸ்விட்சின் கைப்பிடியைக் கீழே இறக்குகிறோம். இங்கேதான் பலரும் திரும்பி நடந்துவிடுகிறார்கள். கைப்பிடி கீழே வந்துவிட்டது என்பதால் மேலே மூன்று கத்திகளும் திறந்துவிட்டன என்று அர்த்தமில்லை. துருப்பிடித்த இணைப்பினாலோ தளர்ந்த போல்ட்டினாலோ ஒரு கத்தி மாத்திரம் ஒட்டிக்கொண்டே நிற்பது உண்டு. ஆகையால் பழகுநர் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு கத்தியாக விரலால் சுட்டி, ஒன்று திறந்தது, இரண்டு திறந்தது, மூன்று திறந்தது என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதன் பின் கைப்பிடிக்குப் பூட்டு. பூட்டின் மேல், ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற பலகை. சாவி, லைன் கிளியர் வாங்கியவரின் சட்டைப் பையில்.

அடுத்தது சோதனை. சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டரைத் தெருக்கம்பிக்கு நம்புவது கூடாது. பட்டப்பகல் வெயிலில் அதன் சிறிய ஒளி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்; பக்கத்துக் கம்பியின் தூண்டுதலால் வேண்டாத இடத்தில் அது மினுக்கவும் செய்யலாம். தாழ்வழுத்தக் கம்பிகளுக்கு டெஸ்ட் லேம்ப் எடுக்கும்போது, இரண்டு பேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட் இருப்பதால், ஒரே பல்பை வைத்தால் அது கையருகே வெடிக்கக்கூடும் என்பதையும், அதனாலேயே இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். உயரழுத்தக் கம்பிக்கு அதற்கென்றே செய்த கருவியை நீண்ட காப்புக் கோலின் நுனியில் பொருத்தியே பார்க்க வேண்டும். எந்தக் கருவியானாலும், மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் அதைச் சோதித்து, பிறகு வேலைக் கம்பியில் சோதித்து, மீண்டும் முதல் இடத்தில் சோதித்த பிறகுதான் அது சொன்னதை நம்பலாம். நடுவில் கருவியே பழுதாகியிருக்குமானால் மூன்றாவது சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பின் எர்த் ராடு. வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் அதைப் போட வேண்டும். முதலில் தரையில் பதித்த எர்த்தில் ஒரு முனையை இறுக்கிவிட்டு, பிறகே மறுமுனையைக் காப்புக் கோலால் கம்பியில் மாட்ட வேண்டும்; கழற்றும்போது இதற்கு நேர் எதிரான கிரமம். இந்தக் கிரமத்தை மாற்றிக் கம்பியில் முதலில் மாட்டினால், கம்பியில் எதிர்பாராத மின்சாரம் இருக்கும் பட்சத்தில், கையில் தொங்கும் வயரே மின்சாரமாகிவிடும். லைன் கிளியர் வாங்கிய பிறகு எர்த் எதற்கு என்று பழகுநர்கள் கேட்பது இயல்பு. கேட்காவிட்டால் நீங்களே கேள்வியை எழுப்புங்கள். விடை சொல்ல ஒரு கல்யாண மண்டபம் போதும். சப்ளை நின்றதும் மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போடுகிறார்கள். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் பழுதாயிருந்தாலோ, யாரேனும் அவசரத்தில் நேராக இணைத்திருந்தாலோ, அந்த மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக்கம்பிக்கு ஏறிவிடுகிறது. தெருக்கம்பியிலிருந்து டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்கத்துக்குப் போகிறது. 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கமிருந்து வருவதை ஏறத்தாழ 25 மடங்காகப் பெருக்கி மேல் கம்பிக்கு அனுப்பிவிடும். துணைமின் நிலையத்தில் எல்லாம் முறையாக நிறுத்தப்பட்டிருக்க, கம்பத்தின் மேலிருப்பவர் மாத்திரம் உயரழுத்தத்தின் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார். ஆகையினால்தான் டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்கத்துப் பியூஸ் கட்டைகளையும் கழற்றிவிட வேண்டும் என்கிறோம். ஆகையினால்தான் எர்த் ராடு இருபுறமும் வேண்டும் என்கிறோம். இந்த வழியைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டச் சொல்லுங்கள். தடையில்லாமல் வரைந்துவிட்ட இளைஞர், கண்காணிக்க எவரும் இல்லாதபோதும் எர்த் போடாமல் ஏறமாட்டார்.

காரணம் தெரிந்தால் கட்டுப்பாடு தானே வரும் என்பதற்கு இன்னொரு பாடத்தையும் சொல்லுகிறேன். நியூட்ரல் அறுந்தால் வீட்டுச் சாமான்கள் எரியும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்; ஏன் என்று கேட்டால் மௌனம். 40 வாட், 100 வாட் ஆகிய இரண்டு பழைய குண்டு பல்புகளை எடுத்து, ஒன்றை ஒரு பேஸிலும் மற்றதை வேறொரு பேஸிலும் இணைத்து, இரண்டின் மறுமுனைகளையும் நியூட்ரலில் சேருங்கள். 40 வாட் மங்கலாகவும் 100 வாட் பிரகாசமாகவும் எரியும். பல்புகளின் முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்துவிட்டு நியூட்ரலுக்கான ஸ்விட்சைத் திறந்தால், அதே கணத்தில் நிலைமை தலைகீழாக மாறும்: சின்ன பல்பு கண்ணைக் கூசும்படி எரிய, பெரிய பல்பு மங்கிவிடும். இப்போது 400 வோல்ட் இரண்டு பல்புகளுக்கும் நடுவே தொடராகப் பங்கிடப்படுகிறது. மின்தடை அதிகமுள்ள 40 வாட் பல்புக்குக் கணக்கின்படி ஏறத்தாழ 285 வோல்ட் கிடைக்க, மற்றதற்கு 115 வோல்ட்தான் மிஞ்சுகிறது. லோடு குறைந்த வீட்டில் டெலிவிஷன் எரிந்துபோவதும், லோடு மிகுந்த வீட்டில் விளக்கு அழுவதும் இதனால்தான் என்று அப்போது சொன்னால், அது மறதிக்கு அப்பாற்பட்ட அறிவாகிவிடும். நியூட்ரலில் பியூஸ் வைக்கக் கூடாது என்ற விதியையும், அதன் இணைப்பை மற்ற எதையும்விட இறுக்கமாகச் செய்ய வேண்டும் என்ற கட்டளையையும் அதற்குப் பிறகு விளக்க வேண்டியதே இல்லை.

மனித உடலைப் பற்றிய கணக்கையும் இவ்வாறே போடச் செய்ய வேண்டும். ஈரமான கையோடு தொடுபவரின் உடல் 1,000 ஓம் தடை தருகிறது என்று கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியாக ஓடுவது 230 மில்லி ஆம்பியர். பிடித்ததை விட முடியாமல் விரல் இறுகுவதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி ஆம்பியரே போதும்; உயிர்காக்கும் கசிவுத் தடுப்பான் 30 மில்லி ஆம்பியருக்கே துண்டிக்கும்படி செய்யப்படுவது ஏன் என்பது இதனால் விளங்கும். அதிர்ச்சியுற்றவரைத் தொடுமுன் சப்ளையை நிறுத்துவதையும், மூச்சும் நாடியும் நின்றவருக்கு 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சூட்டுவதையும் பொம்மையின்மேல் அப்பியாசம் செய்யாத பழகுநரைக் களத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். துணைமின் நிலையத்தின் சுவரில் மாட்டியிருக்கும் மின் அதிர்ச்சிச் சிகிச்சைப் படத்தை விபத்து நடந்த பிறகு வாசிக்க நேரம் இராது.

வேலைகளின் விஸ்தாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணைமின் நிலையத்தில் சில வாரங்கள், மீட்டர் சோதனையில் சில வாரங்கள், கேபிள் இணைப்பில், வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரத்தில், மெக்கரால் இன்சுலேஷன் அளப்பதில், எர்த் குழியின் தடையை அளப்பதில் என்று முறைவைத்து அனுப்பினால் ஓர் ஆண்டு நிறைந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை போதும். எழுத்து அழகாயிருக்கிறதென்றோ கம்ப்யூட்டர் தெரிந்திருக்கிறதென்றோ பழகுநரை அலுவலக மேசையில் உட்கார்த்திவைத்துப் பதிவேடு எழுதச் செய்யும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியிருக்கிறது. இது அவருடைய எதிர்காலத்தைக் களவாடுவதாகும். இதைவிட மென்மையான வார்த்தை எனக்குத் தோன்றவில்லை.

அவர் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று, தம்முடைய நாளேடு. ‘லைன் வேலை பார்த்தேன்’ என்று பக்கம் பக்கமாக எழுதி, மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் ஏட்டினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. கோயில் தெருவிலுள்ள 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் பி பேஸ் பியூஸ் போயிருந்ததாகவும், புதிதாகக் கம்பி கட்டிய பின் டாங் டெஸ்டரால் அளந்ததில் ஆர் பேஸில் 62, ஒய் பேஸில் 70, பி பேஸில் 128 ஆம்பியர் இருந்ததாகவும், பி பேஸிலிருந்து சில சர்வீஸ்களை ஆர் பேஸுக்கு மாற்ற வேண்டும் என்று அண்ணன் சொன்னதாகவும், நியூட்ரலில் எவ்வளவு ஓடியது என்று அளக்க மறந்துவிட்டதால் நாளை அதைப் பார்க்க வேண்டும் என்றும் ஒருவர் எழுதியிருந்தால், அவர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். பியூஸைப் போட்டுவிட்டு வந்துவிடாமல், அது ஏன் போயிற்று என்று தேடும் புத்தி அந்த நாலு வரியில் இருக்கிறது. பயிற்றுநர் அன்றன்றே வாசித்து, ஓரத்தில் ஒரு கேள்வியாவது எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அருமையான ஒன்று, வேண்டாம் என்று சொல்லும் உரிமை. ‘தம்பி, ஏறு’ என்று மூத்தவர் சொல்லும்போது, ‘அண்ணே, இன்னும் எர்த் ராடு போடலையே’ என்று பழகுநர் சொன்னால், அந்தக் கணத்தில் மூத்தவர் என்ன பதில் சொல்கிறார் என்பதில் முழுப் பயிற்சியின் தராதரமும் வெளிப்பட்டுவிடும். ‘எனக்கே சொல்லித் தர்றியா’ என்று ஒரு முறை சீறிவிட்டால், பழகுநர் அதன்பின் வாழ்நாளெல்லாம் வாய் திறக்கமாட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தமக்கு வரும் பழகுநரையும் அவ்வாறே அடக்குவார். நம் சமூகத்தில் வயதுக்குக் காட்டும் மரியாதை உயர்ந்த குணம். ஆயினும் கம்பத்தடியில் அந்த மரியாதை மௌனமாக மாறிவிடக் கூடாது. ஆகையால் உதவிப் பொறியாளரே முதல் நாளில், எல்லா வயர்மேன்களும் கூடியிருக்கும்போது, சந்தேகம் இருந்தால் ஏறமாட்டேன் என்று சொல்ல இவருக்கு உரிமை உண்டு, அப்படிச் சொன்னதற்காக யாரும் இவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை, வேண்டுமென்றே ஒரு படியை விட்டுவிட்டு ஏறச் சொல்லி, அவர் தடுக்கிறாரா என்று பார்ப்பதும் நல்ல பரீட்சை. இதை மின்சாரமில்லாத பயிற்சிக் கம்பத்தில் மாத்திரமே செய்ய வேண்டும்.

உதவித்தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் ஐ.டி.ஐ. சான்று பெற்றவருக்கு மாதம் 7,000 ரூபாயும், பட்டயம் பெற்றவருக்கு 8,000 ரூபாயும், பட்டதாரிக்கு 9,000 ரூபாயும் குறைந்தபட்சமாக வகுத்தன. ஒரு மாதத்துக்குரியதை மறுமாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் விதி. குறைந்தபட்சம் என்பதை உச்சவரம்பாக நினைக்க வேண்டியதில்லை. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் இளைஞருக்கு இந்தத் தொகை நாள் தவறினால் மதியச் சாப்பாடு தவறும்; பசித்த வயிற்றோடு கம்பம் ஏறுவதும் ஒரு விபத்துக் காரணமே.

பயிற்சி முடிந்தபின் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறியவருக்குத் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கிறது. பட்டதாரிகளுக்கும் பட்டயதாரிகளுக்கும் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் பயிற்சிக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கிறது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு ஸ்தாபனமும் தனக்கென ஒரு கொள்கையை வகுத்திருக்க வேண்டும். அந்தக் கொள்கை என்னவென்பதை, சாதகமாயிருந்தாலும் பாதகமாயிருந்தாலும், சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். வேலை கிடைக்கும் என்ற வீண் நம்பிக்கையைத் தூண்டிலாக வைத்து ஓர் ஆண்டு உழைப்பை வாங்குவது நேர்மையாகாது. வேலை கொடுக்க இயலாவிட்டாலும், அவர் எழுதிய நாளேட்டை அலுவலக அலமாரியில் பூட்டிவைத்துவிடாமல், ஒவ்வொரு பக்கத்திலும் பயிற்றுநரின் கையெழுத்தோடு அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். வேறொரு வாசலில் வேலை கேட்டு நிற்கும் நாளில், இந்தக் கை என்னென்ன செய்யும் என்று விசாரிப்பவருக்கு எடுத்துக் காட்ட அவரிடம் அந்த ஏடு இருக்க வேண்டும்.